விளையாட்டைப் பார்த்துக் குறிப்பேட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: அங்கன்வாடியில் 11 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். அண்மையில் நடந்த பயிற்சியில், பிள்ளைகள் விளையாடுவதைக் கவனித்து, நம் பணியைப் பற்றிச் சிந்தித்து எழுதச் சொன்னார்கள். "இன்று பிள்ளைகள் மகிழ்ச்சியாக விளையாடினார்கள்" என்று எழுதுகிறேன். மறுநாளும் அதே வரிதான் வருகிறது. வேறு என்ன எழுதுவது? இத்தனை பதிவேடுகளுக்கு நடுவே இதற்கு நேரம் ஏது?

பதில்: நீங்கள் எழுதும் வரி பொய்யல்ல. ஆனால் அதில் எந்தப் பிள்ளையும் இல்லை, நீங்களும் இல்லை. "மகிழ்ச்சியாக", "சுறுசுறுப்பாக", "அடம்பிடித்து" ஆகியவையெல்லாம் பார்த்து முடித்தபின் நாம் சொல்லும் தீர்ப்புகள். தீர்ப்பை விட்டுவிட்டு, கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். ஒரே ஒரு பிள்ளை, ஐந்தே நிமிடம். அந்தப் பிள்ளை பேசியதைத் திருத்தாமல் அதன் வாய்மொழியிலேயே எழுத வேண்டும்.

நான் சென்றிருந்த ஒரு மையத்தில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி, ஈர மணலைக் கொட்டாங்குச்சியில் அடைத்துக் கவிழ்த்து இட்லிக் கடை வைத்திருந்தாள், வேப்பிலைதான் காசு. அங்கே வந்த பணியாளர் நல்லெண்ணத்தோடு, "எத்தனை இட்லி இருக்கு, எண்ணிச் சொல்லு பார்ப்போம்" என்றார். சிறுமி ஐந்து வரை சரியாக எண்ணினாள். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வாடிக்கையாளர் இருவரும் கலைந்தார்கள். அன்றைய குறிப்பில், "எண்ணும் திறன் வளர்ந்துள்ளது" என்று ஒரு வரி இருந்தது.

அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் எழுதிப் பார்க்கச் சொன்னேன். எழுதும்போதுதான், இரண்டு இட்லி கேட்ட பையனிடம் அந்தச் சிறுமி, "ஒரு எலைக்கு ஒண்ணுதான், போ" என்று சொல்லியிருந்தது பணியாளரின் நினைவுக்கு வந்தது. ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்க்கும் கணக்கை, யாரும் கேட்காமலேயே அவள் செய்துகொண்டிருந்தாள். நம் கேள்விதான் கடையை மூடியது. மறுநாள் அந்தப் பணியாளர் தாமே வாடிக்கையாளராக உட்கார்ந்து, "எங்கிட்ட மூணு எலைதான் இருக்கு, வீட்ல நாலு பேரு" என்றார். சிறுமி சற்று யோசித்துவிட்டு நான்கு இட்லியைக் கொடுத்து, "ஒண்ணு கடன், நாளைக்குக் குடு டீச்சர்" என்றாள்.

ஆகவே கண்டதை எழுதியபின் இரண்டு கேள்விகள் போதும்: நான் உள்ளே நுழைந்ததும் விளையாட்டு நீண்டதா, நின்றதா? நாளைக்கு நான் எதை மாற்றிச் செய்யப் போகிறேன்? அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் 1983-இல் வெளியிட்ட நூலில், செயலின்போதே சிந்திப்பதையும் செயல் முடிந்தபின் சிந்திப்பதையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார். கதையின் நடுவே பிள்ளைகள் நெளிந்தால் உடனே பாட்டுக்கு மாறுகிறீர்கள் அல்லவா, அது முதல் வகை. 11 ஆண்டுகளாக அதைச் செய்துவருகிறீர்கள். குறிப்பேடு இரண்டாவதற்கு மட்டுமே. பயிற்சிகளில் இதைச் சொல்லாமல் ஒரு படிவத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள், அதனால்தான் தேய்ந்த வரிகள் வந்து விழுகின்றன.

ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளையைப் பற்றி "யாரோடும் சேர்வதில்லை" என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். 1932-இல் அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது, பிறர் விளையாடுவதைப் பார்த்து நிற்பதையும் ஒரு வகையாகவே சேர்த்தார். அந்தப் பிள்ளை எதைப் பார்க்கிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறது, பிறகு தனியே போய் அதைச் செய்து பார்க்கிறதா என்பவைதான் எழுத வேண்டியவை.

நேரத்தைப் பொறுத்தவரை, தினமும் எழுத வேண்டாம். வாரத்துக்கு இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால், 25 பிள்ளைகள் உள்ள மையத்தில் மூன்று மாதத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். கவனிக்கும் ஐந்து நிமிடத்துக்கு மற்றப் பிள்ளைகளை உதவியாளர் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு துண்டுத்தாளில் பிள்ளையின் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, மீதியை மதிய உணவுக்குப் பின் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுதலாம். மாதக் கூட்டத்துக்குப் போகும்போது பக்கத்து மையத்துப் பணியாளரிடம் ஒரு குறிப்பைப் படித்துக் காட்டுங்கள். அவர் அறிவுரை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்க வேண்டும் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளர் இந்தக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் போடாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. மதிப்பெண் உண்டு என்றால், கடை மூடிய கதையை யாரும் எழுத மாட்டார்கள்.

"விளையாடவே விடுறீங்களே, எழுத்து சொல்லித் தரலையா?" என்று கேட்கும் தாய்மார்களிடமும் இந்தக் குறிப்புகள் உதவும். அவரவர் பிள்ளையைப் பற்றிய பக்கத்தை மட்டும் படித்துக் காட்டுங்கள். மற்றப் பிள்ளைகளின் பெயர் அதில் வந்தால் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.