ஹார்ட்நாட் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கினால்

சைக்கிளின் பின்பைகளில் இருக்கும் கனத்தில் பாதியையாவது முன்பக்கம் மாற்றுங்கள். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் உள்ள ஹார்ட்நாட் கணவாயில், சுமையோடு ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது என்றீர்களே, முதலில் செய்ய வேண்டியது இதுதான். சீட்டின் நுனிக்கு வந்து, முழங்கையை மடக்கிக் குனிந்து மிதியுங்கள்.

லேக் டிஸ்ட்ரிக்டின் மற்ற ஏற்றங்களில் வராதது இங்கே வரக் காரணம் சரிவாகத்தான் இருக்கும். உச்சி வெறும் 393 மீட்டர். கிர்க்ஸ்டோன் கணவாய் இதைவிட உயரம், 454 மீட்டர். ஆனால் ஹார்ட்நாட்டின் சில வளைவுகளில் சரிவு 33 சதவீதத்தைத் தொடுகிறது. பாரம் முழுக்கப் பின்னால் சாய்ந்துவிடும்.

அப்புறம் கியரையும் பாருங்கள். முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தின் பற்களை, பின்னால் உள்ள பெரியதன் பற்களால் வகுங்கள். வரும் எண் சிறியதாக இருந்தால் ஏறுவது எளிது. 34-ஐ 28-ஆல் வகுத்தால் 1.2, சுமையோடு போதாது. பின்னால் 40 பல் என்றால் 0.85, பரவாயில்லை. ஆனால் எல்லா டிரெயிலியரும் (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாகம்) 40 பல்லை ஏற்காது, கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒன்று மட்டும்: கனத்தை முன்னால் தள்ளினால் ஈரச்சாலையில் பின்சக்கரம் வழுக்கும். அங்கே மழைக்குப் பஞ்சமில்லை. வழுக்கினால் இறங்கித் தள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எஸ்க்டேல் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து ஏறினால் பாதி வழியில் ரோமானியக் கோட்டையின் இடிபாடு வரும். மூச்சு வாங்க நல்ல சாக்கு.