தூக்குப்போசியும் 12,000 ரூபாய்ப் பெட்டியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மகனுக்கு 18 மாதம். வீடு தேடி வந்த ஒரு விற்பனைப் பிரதிநிதி ‘மூளை வளர்ச்சிப் பெட்டி’ என்று 12,000 ரூபாய்க்கு ஒன்றை எங்கள் தலையில் கட்டிவிட்டார். உள்ளே 400 பட அட்டைகளும் பேசும் பேனா ஒன்றும் இருக்கின்றன. ஆறே மாதத்தில் பையன் ஆங்கிலம் பேசுவான் என்று அச்சடித்த தாளும் கொடுத்தார். மாதத் தவணையில் வாங்கினோம். இவனோ அட்டையைக் கடித்துப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடுகிறான். இவனிடம் ஏதாவது குறையா? பணம் திரும்பக் கிடைக்குமா?
(பெருந்துறையிலிருந்து ஒரு தாய்)

பதில்: அட்டையைக் கடித்தான் என்பதற்காக எந்தக் குழந்தையிடமும் குறை இருப்பதாகச் சொல்ல முடியாது. அந்தக் கவலையை முதலில் இறக்கி வையுங்கள், அம்மா. இந்த வயதில் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பதும் படிப்புதான்.

அடுப்படிக்கு ஏன் ஓடுகிறான் என்று ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பாருங்கள். தூக்குப்போசியின் மூடியைக் கழற்றுவான். மறுபடி மாட்டப் பார்ப்பான். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். திருப்புவான், தட்டுவான், கவிழ்த்து வைப்பான். எப்படியோ மூடி சரியாக உட்கார்ந்துவிடும். அடுத்த நொடி தலையைத் தூக்கி உங்கள் முகத்தைப் பார்ப்பான். அந்தப் பார்வையைத் தவறவிடாதீர்கள். “மூடிவிட்டாயா கண்ணு! திறக்கலாமா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுங்கள். ‘ம்’ என்பான், அல்லது கையை நீட்டுவான். அதுவும் பதில்தான். அதற்கு நீங்கள் மறுபடி ஏதாவது சொல்லுங்கள். பேச்சு இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் முளைக்கிறது. பேசும் பேனாவுக்கு அவன் முகம் தெரியாது. அவன் சிரித்தாலும் அழுதாலும் பதிந்து வைத்த சொல்லைத்தான் அது திரும்பச் சொல்லும்.

இனிப் பணத்துக்கு வருவோம். அந்த அச்சடித்த தாளைப் பத்திரமாக வையுங்கள். உங்களிடம் இருக்கும் வலுவான சான்று அதுதான். உரிய சோதனை எதுவும் செய்யாமல் ஒரு பொருளின் பலனுக்கு உத்தரவாதம் கொடுப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிகமுறை என்கிறது. சோதித்துத்தான் சொன்னோம் என்று நிறுவனம் வாதிட்டால், அதை நிரூபிக்க வேண்டியதும் நிறுவனமே. ஆகவே, ‘ஆறு மாதத்தில் ஆங்கிலம் என்பதற்கு என்ன ஆதாரம்? இல்லையென்றால் பணத்தைத் திருப்புங்கள்’ என்று விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் ஈரோட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட இப்போதைய சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தது வேறு நிறுவனமாக இருக்கலாம். வட்டியும் அபராதமும் உங்கள் மேல்தான் ஏறும்.

கேள்வி: பேத்திக்கு எட்டு மாதம். தாய்மாமன் சீராக வாக்கர் வாங்கித் தருவதாக என் மகன் சொல்கிறான். மருமகன் கூடவே கூடாது என்கிறார். அந்தக் காலத்தில் நாங்கள் நடைவண்டி பிடித்து நடக்கவில்லையா?
(பொள்ளாச்சியிலிருந்து ஓர் அம்மிச்சி)

பதில்: மருமகன் சொல்வது சரி. நடைவண்டியைப் பற்றி நீங்கள் சொல்வதும் சரி. இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

வாக்கரில் குழந்தை துணி இருக்கையில் தொங்குகிறது. கால் விரல் நுனியால் உந்தினால் போதும், வண்டி பறக்கும். ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூரம்கூடப் போய்விடும். நீங்கள் எழுந்து ஓடுவதற்குள் வாசல்படியில் உருண்டுவிடும். தொட்டிக்கட்டு வீடென்றால் தொட்டி இறக்கமும் சேர்ந்துகொள்ளும். நேற்று வரை கைக்கு எட்டாதிருந்த ரசச் சட்டி இன்று எட்டும். இத்தனை ஆபத்துக்கும் ஈடாக நடையாவது சீக்கிரம் வருமா என்றால், வராது; தாமதமாகவும் கூடும். தன் எடையைத் தானே தாங்கி, தள்ளாடி, விழுந்து எழும் பழக்கத்தை வாக்கர் தடுத்துவிடுகிறது. கனடா 2004-இல் வாக்கர் விற்பனையையே தடை செய்தது. நம் கடைகளில் அது இன்னும் வண்ண வண்ணமாக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

நடைவண்டியைக் குழந்தை தானே எழுந்து நின்று பிடிக்கிறது. நிற்க முடியாத குழந்தை அதைத் தள்ள முடியாது. அந்த ஒழுங்கு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பேத்தி எதையாவது பிடித்து எழத் தொடங்கிய பிறகு ஆசாரியிடம் சொல்லிச் செய்யுங்கள். பிடியைக் கையால் அழுத்திப் பாருங்கள். பின்பக்கம் சாய்ந்தால் வேண்டாம். ஆணித்தலை துருத்தக் கூடாது, சிம்பு இருக்கக் கூடாது. பெயின்ட் வேண்டாம், இழைத்த மரமாகவே இருக்கட்டும். அதுவரை ஒரு பவானி ஜமுக்காளத்தைத் தரையில் விரித்து அவளைக் குப்புற விட்டு, எதிரே நீங்கள் உட்காருங்கள். உங்கள் வளையலைப் பிடிக்கவே தவழ்ந்து வந்துவிடுவாள்.

கேள்வி: இரண்டு வயது மகளுக்கு 350 ரூபாயில் விளக்கு எரியும் மீன் பொம்மை வாங்கினேன். மூன்றாம் நாளே அடிமூடி கழன்று பட்டன் பேட்டரி வெளியே விழுந்தது. கடைக்காரர் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்.
(திருப்பூரிலிருந்து ஒரு தந்தை)

பதில்: பேட்டரி உங்கள் கண்ணில் பட்டதே பெரிய நிம்மதி. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், எச்சில் பட்டு மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்காமல் நேரே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தீர்ந்துபோன பேட்டரியும் இப்படிச் செய்யும்.

பில்லில் அச்சிட்ட வரி குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் காலக்கெடு குறிப்பிடவில்லை என்றால், 30 நாளுக்குள் அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது சட்டப்படி நேர்மையற்ற வணிகமுறை. பொம்மையையும் கழன்ற மூடியையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இதைச் சொல்லிக் கேளுங்கள்.

பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. முத்திரையோடு ‘சி.எம்./எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அதை இட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். தேர் நோம்பிக் கடைகளில் வாங்கும்போது இதையெல்லாம் பார்க்க நேரமில்லை என்றால், பேட்டரி போட்ட எதையும் அங்கே வாங்காதீர்கள். எங்கே வாங்கினாலும் பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும்.

கேள்வி: மகனின் முதல் பிறந்த நாளுக்கு 1,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். பொம்மை வாங்கலாமா, மேலும் பணம் போட்டுச் சிறுவர் டேப்லெட் வாங்கலாமா?
(கோபியிலிருந்து ஒரு தந்தை)

பதில்: டேப்லெட் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. இரண்டு வயதிலும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கும் அளவில் ஒரு பந்து, கெட்டி அட்டையில் மாடும் கோழியும் பஸ்ஸும் உள்ள ஒரு படப் புத்தகம், பெரிய மரக்கட்டைகள் பத்துப் பன்னிரண்டு வாங்குங்கள். 1,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மூன்று வயது வரை, 31.7 மி.மீ. அகலக் குழாய்க்குள் அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது பாதுகாப்பு விதி. அந்தக் குழாயின் வாய் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுதான் பெரியது. புளியங்கொட்டை, சோழி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்; அவற்றை மேல் அலமாரிக்கு ஏற்றிவிடுங்கள்.

விழாவுக்குப் பலூன் கட்டுவீர்கள். அதைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள். வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் அந்த ரப்பர் துண்டை எடுப்பது கடினம்.