எம்பி3 பாட்டுகளைக் காசு கொடுத்து மாற்ற வேண்டுமா?

கேள்வி: பழைய சிடிக்களில் இருந்து ஏற்றிய பாட்டுகள் ஒரு பென் டிரைவ் நிறைய எம்பி3 வடிவில் வைத்திருக்கிறேன். காருக்குப் புது ஸ்டீரியோ வாங்கப் போன கடையில், "எம்பி3-க்குக் காப்புரிமை முடிந்துவிட்டது, இனி வரும் செட்டுகளில் ஓடாது, ஏஏசி என்ற வேறு வடிவத்துக்கு மாற்றித் தருகிறோம், ஜிபி-க்கு இவ்வளவு" என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: மாற்றாதீர்கள். காப்புரிமை முடிந்தது உண்மைதான். ஆனால் அதனால் எம்பி3 நிற்காது, இன்னும் தாராளமாகப் பரவும்.

எம்பி3-இன் பெரும்பகுதி ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் உருவானது. அதற்கான உரிமத் தொகையை டெக்னிகலர் நிறுவனம் வசூலித்து வந்தது; பாட்டை இசைக்கும் கருவி ஒன்றுக்கு 75 அமெரிக்க சென்ட். கட்டாவிட்டால் வம்புதான். 2006-இல் பெர்லின் மின்னணுக் கண்காட்சியில், எம்பி3 உரிமம் வசூலித்த இன்னொரு நிறுவனமான சிஸ்வெல்லுடன் ஏற்பட்ட தகராறு காரணமாக சான்டிஸ்க் நிறுவனத்தின் எம்பி3 பிளேயர்களை அதிகாரிகளே பறிமுதல் செய்தார்கள். டெக்னிகலரின் வசூல் 2017 ஏப்ரல் 23-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. 'எம்பி3 செத்துவிட்டது' என்று சில செய்திகள் அப்போதுதான் கிளம்பின. நடந்தது நேர்மாறு: அதுவரை காப்புரிமைக்குப் பயந்து ஒதுங்கியிருந்த ஃபெடோரா லினக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களும் எம்பி3-ஐ முழுமையாகச் சேர்த்துக்கொண்டன. காசு கட்டிச் சேர்த்த வசதியை, இலவசமான பிறகு எந்தத் தயாரிப்பாளர் எடுப்பார்?

மாற்றினால் நஷ்டமும் உண்டு. சிடியில் சுமார் 53 எம்பி பிடிக்கும் 5 நிமிடப் பாட்டு, 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3-இல் 5 எம்பிக்குள் அடங்கிவிடும். காதுக்கு எளிதில் எட்டாத ஒலிகளைக் கழித்துத்தான் இந்தச் சுருக்கம். ஏஏசி-யும் தன் பங்குக்குக் கழிக்கும். ஏற்கெனவே போனது திரும்பி வராது; மிச்சத்திலும் கொஞ்சம் போகும். ஏஏசி நல்ல வடிவம்தான், குறைந்த இடத்தில் தெளிவாக ஒலிக்கும். ஆனால் அந்தப் பலன் வேண்டுமென்றால் சிடியிலிருந்தே புதிதாக ஏற்ற வேண்டும். சிடிக்கள் கையில் இருந்தால் எதையும் கழிக்காத ஃபிளாக் வடிவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அது வீட்டுக் கணினியிலேயே இலவசமாக முடிகிற வேலை.

அப்புறம், பில் போடுவதற்கு முன் உங்கள் பென் டிரைவைக் கடையிலேயே செருகி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பாட்டு ஓடாவிட்டால் பென் டிரைவ் எந்த முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். பல கார் ஸ்டீரியோக்கள் ஃபேட்32 முறையை மட்டுமே படிக்கும். பாட்டின் பெயர் தமிழில் இருந்தால் திரையில் எழுத்து வருகிறதா, வெறும் கட்டங்கள் வருகின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

இதற்குப் பிறகும் 'எம்பி3 ஓடாது' என்றே சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். பொய் சொல்லி ஒரு சேவையை விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.