உதவித்தொகையும் வேலைப் பயிற்சியும்: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் டானிஃப் (TANF, ஏழைக் குடும்பங்களுக்கான ரொக்க உதவி) உதவித்தொகை வாங்கும் தாய், வியோவா (WIOA, வேலைப் பயிற்சிக்கான மத்திய அரசுத் திட்டம்) நிதியில் நர்சிங் உதவியாளர் பயிற்சிக்கும் சேரலாமா?

தாராளமாக. உதவித்தொகை வாங்குவோருக்குப் பயிற்சியில் முன்னுரிமை தரச் சொல்வதே 2014-இல் வந்த வியோவா சட்டம்தான். சிக்கல் மணி எண்ணிக்கையில் வரும். டானிஃப் அலுவலகம் வேலை, பயிற்சி போன்றவற்றில் செலவிட்ட மணியின் வாரச் சராசரி பார்க்கும்: 30 மணி; ஆறு வயது நிரம்பாத குழந்தையுள்ள தனித் தாய்க்கு 20. இது மத்திய அரசின் கணக்கு, மாநிலம் கூடுதலாகவும் கேட்கலாம். வியோவா பக்கமோ, பயிற்சி முடித்துப் போனவர் இரண்டாவது, நான்காவது காலாண்டில் வேலையில் இருக்கிறாரா என்று பார்க்கும். வார மணி அவர்களுக்குப் பெரிய கவலையில்லை. அதனால் வகுப்புக்கு ஒழுங்காகப் போனவருக்கும் சில நேரம் தொகை குறையும். வருகைத்தாள் டானிஃப் அலுவலகத்துக்குப் போகாமல் பயிற்சி மையத்திலேயே கிடந்திருக்கும், அவ்வளவுதான்.

சேரும் அன்றே தகவல் பகிர்வு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து போட்டுவிடுங்கள். இரு அலுவலகத் திட்டத்தாளிலும் பயிற்சியின் பெயர், தொடங்கும் தேதி, வார மணி ஒன்றாக இருக்கட்டும். வருகைத்தாளில் நாள்வாரியாக மணி எழுதி, பொறுப்பாளர் கையெழுத்துடன் கேஸ் வொர்க்கருக்கு (உங்கள் கோப்பைப் பார்க்கும் டானிஃப் அலுவலருக்கு) அனுப்புங்கள். பலர் விட்டுவிடுவது வீட்டுப்பாடம்: தனியாகப் படிப்பதற்கும் வகுப்பு ஒரு மணிக்கு ஒரு மணி வரை கணக்கு உண்டு. எத்தனை மணி படிக்க வேண்டும் என்று பயிற்சி மையம் எழுதித் தர வேண்டும். அதற்கு மேல் சேராது.

படிப்பு 18 மாதம். முழுக்கக் கணக்கில் வருமா?

வராது. தொழிற்கல்வியாக ஒருவருக்கு வாழ்நாளில் 12 மாதம்தான் எண்ணுவார்கள். 13-ஆவது மாதத்திலிருந்து வாரத்தின் முதல் 20 மணியைப் பகுதிநேர வேலை, பணி அனுபவம் போன்றவற்றால் நிரப்ப வேண்டும். 30 மணிக்காரர் மீதி 10-ஐ வகுப்பால் நிரப்பலாம். பகுதிநேர வேலையைப் பதினோராவது மாதமே தேடத் தொடங்குங்கள்.

வெறுமனே வேலை தேடுவது?

சேரும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். 12 மாதத்தில் 180 மணி. சிறு குழந்தையுள்ள தனித் தாய்க்கு 120. வேலையின்மை மிகுந்த மாநிலங்களில் இதன் இரட்டிப்பு. தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் எண்ண மாட்டார்கள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடமே கிடைக்கவில்லை. தொகையை நிறுத்துவார்களா?

ஆறு வயது நிரம்பாத குழந்தையுள்ள தனிப் பெற்றோர், எட்டும் தூரத்தில் தகுந்த காப்பகம் இல்லை என்று நிரூபித்தால் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது என்பது மத்திய சட்டம். வாய்ச்சொல் போதாது: எந்தக் காப்பகம், எந்தத் தேதி, என்ன பதில் என்று குறித்துவையுங்கள். ஆனால் டானிஃப் தொகை வாங்குவதற்கான 60 மாத வரம்பு அந்த நாட்களிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஸ்நாப் (SNAP, உணவு உதவித் திட்டம்) நடத்தும் வேலைப் பயிற்சியிலும் சேரலாமா?

டானிஃப் ரொக்கம் வாங்கும் வரை முடியாது. அது நின்றபின், ஸ்நாப் தொடர்ந்தால், கேளுங்கள்.