மூன்று பேர் வரைந்த ஓவியத்தை ஒருவர் பெயரில் பதிவு செய்யாதீர்கள்

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள் (வயது 16) பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனி சென்றாள். அங்குள்ள பள்ளியில் இரண்டு ஜெர்மன் மாணவிகளோடு சேர்ந்து பெரிய கேன்வாஸில் ஓவியம் வரைந்தாள். சிக்குக் கோல யோசனை அவளுடையது, முக்கால்வாசி வேலையும் அவளுடையது. அந்தப் பள்ளி ஓவியத்தைக் காலண்டராக அச்சிட்டு விற்றிருக்கிறது, பெயர் மற்ற இருவருக்கு மட்டும். ஆசிரியை இவளை நடத்திய விதமும் சரியில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா? இதற்கிடையே ஓவியத்தை மகள் பெயரில் இங்கே பதிவு செய்ய ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டோம். டிசைன் கல்லூரிக்கு அனுப்பும் போர்ட்ஃபோலியோவிலும் (படைப்புத் தொகுப்பு) சேர்த்துவிட்டோம்.
– ஒரு தாய், கோவை

பதில்: ஆசிரியை நடத்திய விதத்தை மறந்துவிடுங்கள், அது இந்த வழக்கில் எங்கும் வராது. யோசனை யாருடையது என்பதும் வராது. யோசனைக்குப் பதிப்புரிமை இல்லை. மரபுக் கோலம் எவருக்கும் தனிச்சொத்தும் இல்லை. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: உங்கள் மகள் வரைந்ததை மற்ற இருவர் வரைந்ததிலிருந்து தனியாகப் பிரித்தெடுக்க முடியுமா?

மூன்று தனிப் பலகைகளில் ஆளுக்கொன்று வரைந்து பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தால் அவரவர் பலகை அவரவருக்கு. ஒரே கேன்வாஸில் ஒருவர் பூசிய வண்ணத்தின் மேல் இன்னொருவர் கோடு இழுத்திருந்தால் அது கூட்டுப் படைப்பு. நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2(z) பிரிவும் ஜெர்மன் பதிப்புரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் இதில் ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது இரண்டாவது வகை. 'முக்கால்வாசி' என்பது ஜெர்மனியில் வருமானப் பங்கைக் கணக்கிட உதவலாம். மற்ற இருவரை அது வெளியே தள்ளாது.

அந்தப் பள்ளி தவறு செய்திருக்கிறது, சந்தேகமில்லை. கூட்டுப் படைப்பை வெளியிட மூவரின் சம்மதமும் வேண்டும், பெயர் குறிப்பிடப்படும் உரிமையும் மூவருக்கும் உண்டு. பயணத்துக்கு முன் நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது பிள்ளையின் புகைப்படத்தை வெளியிடத் தரும் சம்மதமாகத்தான் இருக்கும். பிள்ளை வரைந்ததை வெளியிடுவதற்கு அது பொருந்தாது. பெயர் விஷயத்தைத் தள்ளிப்போடவும் கூடாது. ஜெர்மன் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, அச்சிட்ட பிரதியில் பெயர் உள்ளவரே படைப்பாளர் என்று அனுமானிக்கப்படும், மாறாக நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

ஆனால் என் கவலை அந்தப் பள்ளியைப் பற்றியதல்ல, நீங்கள் செய்துவைத்திருக்கும் இரண்டு காரியங்களைப் பற்றியது. நியாயம் தன் பக்கம் இருப்பவர்கள் வழக்கைக் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

முதலாவது, பதிப்புரிமைப் பதிவு. படிவம் 14, ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய், ஆட்சேபத்துக்கு 30 நாள். ஜெர்மனியிலிருந்து யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை, அதனால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும் என்று ஏஜெண்ட் சொல்லியிருப்பார். வரவும் கூடும். ஆனால் அது இணைப் படைப்பாளர்களின் பெயரை மறைத்து, எங்களுக்கு ஆட்சேபமில்லை என்று அவர்கள் தரும் தடையில்லாக் கடிதமும் இல்லாமல் வாங்கிய சான்றிதழ். பதிவேட்டில் பொய் விவரம் பதியச் செய்வது நமது சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி குற்றம், கையெழுத்து உங்களுடையது. அதை நீட்டிய அன்றே எதிர்த்தரப்பு மூவரும் தூரிகையோடு நிற்கும் படத்தைக் காட்டும். அதன் பிறகு பெயர் விடுபட்ட உண்மையான குறையைக் காது கொடுத்துக் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். விண்ணப்பத்துக்குக் கிடைத்த டைரி எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பத்தை எழுத்துமூலம் இன்றே திரும்பப் பெறுங்கள்.

இரண்டாவது, போர்ட்ஃபோலியோ. 'என் சொந்தப் படைப்பு' என்ற உறுதிமொழியின் கீழ் இந்த ஓவியம் இருந்தால் அட்மிஷனே பறிபோகலாம். எடுத்துவிட வேண்டியதில்லை. 'மூவர் கூட்டுப் படைப்பு, கோல வடிவமைப்பும் கோட்டு வேலையும் என்னுடையவை' என்று எழுதி, பென்சில் வரைவுகளையும் வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் சேர்த்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் போதாது, எடுத்த தேதி அவற்றில் அழிந்துவிடும். மூலக் கோப்புகளை ஃபோனிலிருந்து நேரடியாக எடுங்கள். டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், அந்தப் பள்ளிக்குத் தேவையான சம்மதம் உங்களுக்கும் தேவை.

நோட்டீஸ் வேண்டாம். ஜெர்மனியில் ஆதாரமில்லாத எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவை அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 97a பிரிவின்படி நம்மிடமே கேட்கலாம். பள்ளிக் காலண்டர் விற்ற காசில் உங்கள் பங்கு, அங்கே ஒரு வக்கீலின் முதல் கடிதத்துக்குக்கூடப் போதாது. ஃபேஸ்புக்கில் அந்த மாணவிகளின் பெயரைப் போட்டுத் திட்டுவதும் வேண்டவே வேண்டாம். அவர்கள் மைனர்கள், காலண்டரை அச்சிட்டதும் அவர்கள் அல்ல.

சமாதானமாகப் போங்கள். இரு பள்ளிகளின் ஒருங்கிணைப்பாளர்கள் வழியாக ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் இருக்க வேண்டியவை: அடுத்த அச்சிலும் இணையதளத்திலும் மூன்று பெயர்கள், மூவரும் விற்பனையில்லாமல் படிப்புக்கும் கண்காட்சிக்கும் பயன்படுத்தலாம், விற்றால் பங்கு இன்னது, ஓவியத்தை அழிக்கும் முன் தகவல், உயர்தர டிஜிட்டல் கோப்பு ஒன்று. பிள்ளைகள் மட்டும் கையெழுத்திட்டால் பயனில்லை. இந்தியாவில் மைனரின் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903இல் மோஹோரி பீபி வழக்கிலேயே முடிந்த விஷயம். ஜெர்மனியிலோ பொதுவாகத் தாய், தந்தை இருவரும் சேர்ந்துதான் பிள்ளைக்காகக் கையெழுத்திட வேண்டும், ஒருவருடையதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மூவருக்கும் 18 வயது நிரம்பியதும் அவர்களையே அதே கடிதத்தில் இன்னொரு முறை கையெழுத்திடச் சொல்லுங்கள்.