உப்பிய பெயின்ட்டின் மேல் இன்னொரு கோட்டிங் வேண்டாம்

கேள்வி: எங்கள் இரும்பு கேட்டுக்குப் பெயின்ட் அடித்து ஓராண்டுதான் ஆகிறது. அதற்குள் வெல்டிங் வைத்த இடங்களில் பெயின்ட் உப்பி, துரு வழிகிறது. மேலே இன்னொரு கோட்டிங் கொடுத்தால் நின்றுவிடும் என்கிறார் கான்ட்ராக்டர். சரிதானா?

பதில்: நிற்காது. கொஞ்ச நாள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அரிக்கும், அவ்வளவுதான்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீர், ஆக்சிஜன் இரண்டும் வேண்டும். ஈரம் பட்ட இரும்பில் ஓரிடம் எலக்ட்ரான்களை விட்டுக் கரைகிறது. இன்னோரிடத்தில் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. சின்ன பேட்டரி ஓடுவதுபோலத்தான். ஈரத்தில் உப்பும் கலந்துவிட்டால் வேகம் கூடும். அலுமினியத்தில் உருவாகும் ஆக்சைடு படலம் உலோகத்தை இறுக மூடிக் காக்கும். துரு அப்படியில்லை. கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்து, பொருபொருவென உதிரும். பெயின்ட்டைத் தூக்குவது அதுதான்.

எனவே பளபளப்பான இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். வெல்டிங் கசடையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். ஈரக்காற்று என்றால் சில மணி நேரத்திலேயே புதுத்துரு வந்துவிடும். வேலையில் பாதி இந்தச் சுரண்டல்தான். கான்ட்ராக்டர்கள் விழுங்குவதும் இதைத்தான். பரப்பைச் சுத்தம் செய்ய ஐஎஸ்ஓ 8501 என்று உலகத்தரமே இருக்கிறது. வீட்டு வேலைக்கான கொட்டேஷனில் அதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இருக்காது, கேட்பாரும் இல்லை. நீங்களாவது எழுதி வாங்குங்கள்.

அப்புறம், கேட் ஜிஐ பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் செய்ததா என்று பாருங்கள். அப்படியென்றால் கதை வேறு. அதன் துத்தநாகப் பூச்சில் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் கரைந்து பக்கத்து இரும்பைக் காக்கும். ஆனால் 907 டிகிரி செல்சியஸில் அது கொதித்துவிடும். வெல்டிங் சூடு அதைவிட அதிகம். இணைப்புகளில் மட்டும் இரும்பு அம்மணமாக நிற்கும். அங்கே துத்தநாகம் செறிந்த பிரைமர் அடியுங்கள். மற்ற இடங்களில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். அதன்மேல் நேரடியாக எனாமல் அடித்தாலும் உரியும். ஜிஐக்கென்றே உள்ள பிரைமர் வேண்டும்.

பேசாமல் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேட் போடலாம் என்று அதே ஆள் அடுத்துச் சொல்வார். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே துருவை நன்றாகத் தாங்கும் 304 கிரேடு என்று காட்டுவார். நம்பாதீர்கள், 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் அதில் துருப்புள்ளி சீக்கிரமே வரும். கிரேடைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.