அஞ்சல் பெட்டியில் அப்பாவின் பெயர்

கேள்வி: புதிய நாட்டில் குடியேறியபோது உங்களை அதிகம் திணறவைத்தது எது?

குளிரும் சாப்பாடும் எதிர்பார்த்து வந்தவைதான். என்னைத் திணறவைத்தது என் பெயர்.

2018 நவம்பரில் மதுரையிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வேலைக்கு வந்தேன். இங்கே குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாளோடு போய்ப் பதிந்துவிட்டேன். 11 இலக்க வரி எண் தபாலில் வரும், வங்கி அட்டை ஒரு கடிதத்திலும் அதன் ரகசிய எண் வேறொரு கடிதத்திலும் வரும் என்றார்கள். வாரங்கள் ஓடின, எதுவும் வரவில்லை. வரி எண் இல்லாததால் முதல் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரியைப் பிடித்தார்கள். இருப்பதிலேயே அதிகமான வரி அதுதான். அந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் கீழ்வீட்டுப் பாட்டி. என்னை வாசலுக்கு அழைத்துப்போய் அஞ்சல் பெட்டியைக் காட்டினார். அதில் எனக்கு முன் குடியிருந்தவரின் பெயர் இருந்தது. இந்த ஊர் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டுக்கெனத் தனிக் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், பெயர், அவ்வளவுதான். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

பாட்டி ஒரு வெள்ளை ஒட்டுநாடாவும் பேனாவும் கொண்டுவந்தார். என் பெயரைச் சொன்னேன். அது வேண்டாம், குடும்பப் பெயரைச் சொல் என்றார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து அப்பாவின் பெயரை எழுதியிருந்தேன். அதில் ஒரு ழகரம் உண்டு. இசட், எச் என்று எழுதச் சொன்னேன்; பாட்டி வாய்விட்டுப் படித்தபோது அது 'ட்ஸ்' என்று வந்தது. இரண்டு முறை சொல்லிக்கொடுத்தேன். நாக்கை மடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு நாடாவை ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் நீவிவிட்டார். பத்து நாளில் எல்லாக் கடிதங்களும் வந்து சேர்ந்தன.

அதற்கடுத்த வாரம் என் கதவுப்பிடியில் ஒரு சிறு பலகை தொங்கியது. 'கேர்வோஹெ', அதாவது கூட்டும் வாரம். மாடிப்படியை முறைவைத்துப் பெருக்கித் துடைப்பது இந்தப் பகுதியின் பழைய வழக்கம். அந்த வாரம் என் முறை. சென்னையில் முதல்நிலை ஜெர்மன் முடித்துவிட்டு வந்தவன்தான். ஆனாலும் பாட்டி பேசிய சுவாபியம் என்ற வட்டார வழக்கில் பாதி புரியவில்லை. படிக்கட்டில் அவரோடு நின்று பேசித்தான் மொழி வந்தது.

அப்பா ஜவுளிக்கடையில் கணக்கெழுதியவர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'கணக்குப்பிள்ளை'. நானும் அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லி வளர்ந்தவன் இல்லை. இங்கே தொலைபேசியை எடுத்தால் 'ஹலோ' சொல்வதில்லை, குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். முதல் சில மாதங்கள் ஒவ்வொரு அழைப்பிலும் எனக்குத் தொண்டை அடைத்தது. மருத்துவமனையில் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது, அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்றே தோன்றி எழாமல் உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், விட்டால் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கணவன் மனைவி இருவரும் எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்று புறப்படும் முன்பே பேசி முடிவெடுங்கள். என் மனைவி அவளுடைய அப்பாவின் பெயரோடுதான் வந்தாள். பெட்டிகளை மாடிக்கு ஏற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று, என் அப்பாவின் பெயருக்குக் கீழே மாமாவின் பெயரை எழுதி ஒட்டினோம்.